மருந்து அடிக்க அடிக்கப் பெருகும் பூச்சி... நெல் வயலை ‘எரிக்கும்’ புகையானின் பின்னணி என்ன?

போன வாரம்வரை பச்சைப்பசேல் என்று நின்ற நெல் வயல். திடீரென நடுவில் மட்டும் வட்டமாகப் பழுப்பு நிறம். சில நாட்களில் வட்டம் பெரிதாகிறது. பக்கத்தில் இன்னொரு வட்டம் கிளம்புகிறது. தூரத்தில் இருந்து பார்த்தால், யாரோ வயலுக்கு நடுவில் தீ வைத்துவிட்டுப் போனதுபோல இருக்கும்.

தீயும் இல்லை, தண்ணீர்ப் பஞ்சமும் இல்லை. பயிரின் அடித்தூரில், தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, ஒரு அரிசி மணி அளவுகூட இல்லாத பழுப்பு நிறப் பூச்சிகள் அப்பிக்கொண்டு சாறு குடித்துக்கொண்டிருக்கின்றன. விவசாயிகள் இதற்கு வைத்திருக்கும் பெயர் ‘புகையான்’. புகைந்து கருகியதுபோலப் பயிரைக் காயவைக்கும் பூச்சிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

இந்தப் பூச்சிக்கு ஒரு விசித்திரமான வரலாறு உண்டு. இதைக் கொல்ல மருந்து அடித்த பல இடங்களில், அடிக்காத வயலைவிட அடித்த வயலில்தான் இது பலமடங்கு பெருகியது. எப்படி?

யார் இந்தப் புகையான்?

ஆங்கிலத்தில் பிரவுன் பிளான்ட்ஹாப்பர். அறிவியல் பெயர் நிலபர்வதா லூஜென்ஸ். 1854-ல் ஸ்வீடனைச் சேர்ந்த பூச்சியியலாளர் கார்ல் ஸ்டால் இதை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார்.

நெல் வயலில் தாவிக் குதிக்கும் பச்சை தத்துப்பூச்சியைப் பலரும் பார்த்திருப்பார்கள். புகையானும் தத்தும். ஆனால் இரண்டும் வேறு குடும்பம். புகையானின் பின்னங்காலில் அசையக்கூடிய முள் ஒன்று இருக்கும். அதுதான் அதன் குடும்ப அடையாளம். பச்சை தத்துப்பூச்சியை இலையில் பார்க்கலாம். புகையானைப் பார்க்க வேண்டுமென்றால் குனிந்து, பயிரை விலக்கி, அடித்தூரைப் பார்க்க வேண்டும்.

ஊசி போன்ற வாயைத் தண்டுக்குள் இறக்கி, இலையில் தயாரான சர்க்கரைச் சாறு மற்ற பாகங்களுக்குப் போகும் குழாயிலேயே நேரடியாக ‘ஸ்ட்ரா’ போட்டு உறிஞ்சுகிறது. சில பூச்சிகள் குடித்தால் பயிருக்குத் தெரியாது. ஒரே குத்தில் நூற்றுக்கணக்கில் உட்கார்ந்து குடித்தால் பயிர் மஞ்சளாகி, பழுப்பாகி, காய்ந்து சாய்ந்துவிடும். போதாக்குறைக்கு, புல் குட்டை நோய், கந்தல் குட்டை நோய் ஆகிய இரண்டு வைரஸ் நோய்களையும் இதே பூச்சிதான் வயலுக்கு வயல் பரப்புகிறது.

அதன் வீடு எது?

புகையான் சாப்பாட்டு விஷயத்தில் ரொம்பக் கறார். நெல், நெல்லின் நெருங்கிய காட்டுச் சொந்தங்கள் என மிகச் சில தாவரங்களில்தான் அதனால் வாழ்ந்து பெருக முடியும். அந்தப் பயிரிலும் எல்லா இடமும் அதற்கு ஒத்துவராது. நிழல், ஈரம், மிதமான சூடு மூன்றும் சேர்ந்திருக்கும் அடித்தூர்தான் அதன் வீடு.

மேலே வெயில் கொளுத்தினாலும், நெருக்கமாக நிற்கும் பயிருக்குள் அடிப்பகுதி குளுகுளுவென்று இருக்கும். கீழே தேங்கி நிற்கும் தண்ணீரால் காற்றில் ஈரம் குறையாது. 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பம் இருந்தால் அதற்குக் கொண்டாட்டம். மழைக்காலத்தில் வானம் மப்பும் மந்தாரமுமாக இருக்கும் நாட்களில், காற்றோட்டம் இல்லாத வயலில் இது சட்டென்று பெருகுவது இதனால்தான்.

முட்டையையும் வெளியில் வைப்பதில்லை. இலையுறையைக் கீறி, உள்ளே திசுவுக்குள் வாழைச் சீப்பு மாதிரி வரிசையாகச் செருகி வைக்கிறது. சுமார் ஒரு வாரத்தில் குஞ்சு வரும். ஐந்து முறை தோல் உரித்து, இன்னும் இரண்டு வாரத்தில் முழுப் பூச்சியாகிவிடும். ஆக, ஒரே நெல் பயிர்க்காலத்தில் இரண்டு மூன்று தலைமுறை சாதாரணமாக ஓடிவிடும்.

ஜோடி சேர்வதும் அதே தண்டில்தான். ஆணும் பெண்ணும் வயிற்றை அதிரவைத்து, நெல் தண்டையே தொலைபேசிக் கம்பிபோலப் பயன்படுத்தி ஒன்றுக்கொன்று தகவல் அனுப்பிக்கொள்கின்றன. இந்த அதிர்வு மனிதக் காதுக்குக் கேட்காது.

இரண்டு வகை இறக்கை எதற்கு?

புகையானில் நீள இறக்கை, குட்டை இறக்கை என இரண்டு வகை உண்டு. இரண்டும் ஒரே இனம்தான்.

நீள இறக்கைப் பூச்சிகள் பறந்து வந்து புது வயலில் இறங்கும். சாப்பாடு தாராளமாக இருந்தால், அவற்றின் பிள்ளைகளில் பல குட்டை இறக்கையோடு பிறக்கும். இவற்றால் பறக்க முடியாது. பறக்கச் செலவாகும் சக்தியெல்லாம் முட்டையாக மாறும். பயிர் காய ஆரம்பித்து, கூட்டம் நெருக்கியடித்தால் மறுபடி நீள இறக்கைப் பூச்சிகள் உருவாகி அடுத்த வயலைத் தேடிக் கிளம்பிவிடும். சிம்பிளாகச் சொன்னால், நல்ல வயலில் வீடு கட்டும். வயல் கெட்டால் காலி செய்துவிடும்.

இந்த ‘ஸ்விட்ச்’ எங்கே இருக்கிறது என்பதைச் சீன ஆய்வாளர்கள் 2015-ல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டனர். மனித உடலில் சர்க்கரையைக் கவனிக்கும் இன்சுலினுக்கு நெருக்கமான அமைப்பு ஒன்று பூச்சியிலும் உண்டு. அந்த இன்சுலினை வாங்கிக்கொள்ளும் இரண்டு ஏற்பிகளில் ஒன்று நீள இறக்கைக்கும், இன்னொன்று குட்டை இறக்கைக்கும் வழி திறக்கிறது.

கடலைத் தாண்டும் பூச்சி

நீள இறக்கைப் பூச்சி எவ்வளவு தூரம் போகும்? ஜப்பானில் குளிர்காலத்தைப் புகையானால் தாங்க முடியாது. ஆனாலும் ஒவ்வொரு ஆண்டும் மழைப் பருவத்தில் அங்கே வந்துவிடும். எங்கிருந்து வருகிறது என்பது நீண்ட காலம் புதிராகவே இருந்தது.

1967-ல், ஜப்பானுக்குத் தெற்கே பல நூறு கிலோமீட்டர் தள்ளி, பசிபிக் கடலில் நின்ற ஒரு வானிலைக் கப்பலைச் சுற்றிக் கூட்டம் கூட்டமாகத் தத்துப்பூச்சிகள் பறந்தன. சுற்றிலும் தண்ணீர். நெல் வயல் என்ற பேச்சுக்கே இடமில்லை. அதன்பிறகுதான் விஷயம் தெளிவானது. பருவக்காற்றில் ஏறி, வியட்நாமின் வடபகுதியில் இருந்து தெற்குச் சீனா, அங்கிருந்து ஜப்பான், கொரியா எனக் கட்டம் கட்டமாக அவை பயணம் செய்கின்றன.

இந்தப் பூச்சிகள் அங்கே புதிய விருந்தாளிகளும் இல்லை. 1732-ல் மேற்கு ஜப்பானை உலுக்கிய கியோஹோ பஞ்சத்துக்குத் தத்துப்பூச்சிகளே முக்கியக் காரணம். அந்தக் காலத்து ஜப்பானிய விவசாயிகள் வயல் தண்ணீரில் திமிங்கில எண்ணெயை ஊற்றி, பயிரைத் தட்டிப் பூச்சிகளை அதில் விழவைத்துக் கொன்றார்கள்.

நம் ஊர்ப் புகையானுக்கு இப்படிக் கடல் தாண்ட வேண்டிய கட்டாயம் இல்லை. குறுவை, சம்பா, தாளடி என்று ஏதாவது ஒரு வயலில் நெல் நின்றுகொண்டுதானே இருக்கிறது!

சின்னப் பூச்சி பெரிய வில்லன் ஆனது எப்படி?

வெப்பமண்டல ஆசியாவில் 1960-கள்வரை புகையான் பெரிய பிரச்சினையே இல்லை. வயலில் இருக்கும் நூற்றுக்கணக்கான பூச்சிகளில் அதுவும் ஒன்று, அவ்வளவுதான்.

1966-ல் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் ஐ.ஆர்.8 ரகத்தை வெளியிட்டது. குட்டையான, உரத்துக்கு நன்றாக ஈடுகொடுக்கும், அதிக விளைச்சல் தரும் ரகம். பசியில் இருந்த ஆசியாவுக்கு அது பெரிய உதவி, அதில் சந்தேகமில்லை. ஆனால் அதோடு சேர்ந்து நெருக்கமான நடவு, அதிக யூரியா, ஆண்டுக்கு இரண்டு மூன்று போகம், நாள் குறித்து அடிக்கும் பூச்சிமருந்து என ஒரு முழு ‘பேக்கேஜ்’ வயலுக்கு வந்தது.

யூரியாவுக்கும் பூச்சிக்கும் என்ன சம்பந்தம்? புகையான் குடிக்கும் சாற்றில் சர்க்கரை நிறைய இருக்கும், புரதம் கட்டத் தேவையான அமினோ அமிலம் குறைவு. அந்தக் குறையை ஈடுகட்ட, தன் உடலுக்குள்ளேயே ஈஸ்ட் போன்ற நுண்ணுயிர்களை அது வளர்த்துவைத்திருக்கிறது. யூரியாவை அள்ளிப் போட்டால் சாற்றிலேயே தழைச்சத்து ஏறிவிடுகிறது. பயிருக்குப் போட்ட சத்து பூச்சிக்கு விருந்தாகி, முட்டை எண்ணிக்கை கூடுகிறது.

1970-களில் விளைவு தெரிய ஆரம்பித்தது. 1973-74-ல் கேரளத்தின் குட்டநாடு போன்ற நெல் பகுதிகளில் பெரிய தாக்குதல். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, வியட்நாம் என வரிசையாக வயல்கள் கருகின.

மருந்து அடித்தால் ஏன் கூடுகிறது?

இதற்கு விடை தேடியவர்களில் முக்கியமானவர் அமெரிக்கப் பூச்சியியலாளர் பீட்டர் கென்மோர். 1970-களின் பிற்பகுதியில் பிலிப்பைன்ஸ் வயல்களில், மருந்து அடித்த பகுதியையும் அடிக்காத பகுதியையும் ஒப்பிட்டார். அடிக்காத வயலில் புகையான் அடங்கி இருந்தது. அடித்த வயலில்தான் வெடித்துப் பெருகியது.

காரணம், வயலுக்குள் சத்தமில்லாமல் வேலை பார்க்கும் ஒரு காவல்படை. ஓநாய் சிலந்தி வலை பின்னாமல் அடித்தூரில் ஓடி ஓடிப் புகையானை வேட்டையாடும். மிரிட் நாவாய்ப்பூச்சி என்ற பச்சைப் பூச்சி, இலையுறைக்குள் ஒளிந்திருக்கும் முட்டையைக்கூடத் தேடிக் குத்தி உறிஞ்சும். மைக்ரோவீலியா என்ற குட்டிப் பூச்சி தண்ணீர்ப் பரப்பில் காத்திருந்து, தவறி விழும் புகையானைப் பிடிக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறிய குளவிகள், புகையான் முட்டைக்குள்ளேயே தங்கள் முட்டையை வைத்துவிடும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பெண் பூச்சி 200 முட்டை வைக்கிறது, பாதி பெண் குஞ்சு, எல்லாமே பிழைக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒரு பெண் அடுத்த தலைமுறையில் 100 பெண். அதற்கடுத்து 10 ஆயிரம். மூன்றாவது தலைமுறையில் 10 லட்சம். எல்லா வயலிலும் இது நடப்பதில்லை. பெரும்பாலானவற்றைக் காவல்படை சாப்பிட்டுவிடுகிறது.

இப்போது மருந்து உள்ளே வருகிறது. நடந்தது இதுதான்:

• வயலில் ஓடித் திரியும் சிலந்தியும் நாவாய்ப்பூச்சியும் முதலில் சாகின்றன.

• மேலிருந்து அடிக்கும் மருந்து இலையில் படிகிறது. அடித்தூரில் இருக்கும் புகையானில் ஒரு பகுதி தப்பிக்கிறது.

• இலையுறைக்குள் இருக்கும் முட்டைகளுக்குப் பல மருந்துகளால் எதுவும் ஆவதில்லை. அடுத்த வாரம் அவை பொரிக்கும்போது வயலில் காவலுக்கு ஆளே இல்லை.

• சில மருந்துகள், கொல்ல முடியாத குறைந்த அளவில் பட்டால், பெண் புகையானை இன்னும் அதிகமாக முட்டையிடத் தூண்டுகின்றன. செயற்கை பைரித்ராய்டு வகை மருந்துகள் இதில் பேர்போனவை.

இன்னொரு பிரச்சினையும் உண்டு. பூச்சி மருந்துக்குப் பழகிவிடுகிறது. 1990-களில் புகையானுக்கு நல்ல மருந்தாக வந்த இமிடாகுளோப்ரிட், 2005-ஐ ஒட்டி ஆசியாவின் பல பகுதிகளில் பழைய வேகத்தைக் காட்டவில்லை. பத்து, பதினைந்து ஆண்டுகளில் பூச்சி அதை ஜெயித்துவிட்டது.

இலை தின்னும் புழுவைப் பார்த்துப் பயந்து, நட்ட சில வாரங்களில் அடிக்கும் முதல் மருந்து அந்த நேரத்தில் வேலை செய்ததுபோலவே தெரியும். பில் வருவது கதிர் பிடிக்கும் நேரத்தில்தான். அதற்குள் விதை, நடவு, உரம், களை என எல்லாச் செலவும் முடிந்திருக்கும். அறுவடைக்குச் சில வாரம் இருக்கும்போது வயல் கருகினால், திரும்ப நடுவதற்கு நேரமும் இருக்காது, பணமும் இருக்காது.

இந்தோனேசியா எடுத்த துணிச்சலான முடிவு

1984-ல் அரிசியில் தன்னிறைவு அடைந்ததாக இந்தோனேசியா அறிவித்தது. அங்கே பூச்சிமருந்து விலையில் பெரும்பகுதியை அரசே மானியமாகக் கொடுத்துவந்தது. மருந்து மலிவு என்பதால் அடிப்பதும் அதிகம். அடுத்த இரண்டே ஆண்டுகளில் ஜாவா தீவில் புகையான் தலைவிரித்தாடி, அந்தத் தன்னிறைவுக்கே ஆபத்து வந்தது.

1986 நவம்பரில் அதிபர் சுகார்த்தோ ஓர் உத்தரவு போட்டார். நெல்லில் 57 பூச்சிமருந்துகளைப் பயன்படுத்தத் தடை. அடுத்த சில ஆண்டுகளில் மருந்து மானியமும் படிப்படியாக நிறுத்தப்பட்டது. 1989 முதல் ‘வயல்வெளிப் பள்ளி’கள் தொடங்கின. விவசாயிகள் வாரம் ஒருமுறை வயலில் இறங்கி, எது எதிரி, எது நண்பன் என்று எண்ணிப் பார்த்து, மருந்து தேவையா என்று தாங்களே முடிவெடுக்கும் வகுப்பு அது. இந்த முறை பின்னர் இந்தியா உட்படப் பல நாடுகளுக்குப் பரவியது.

மருந்தைக் குறைத்தும் நெல் விளைச்சல் சரியவில்லை. ஆனால் கதை அங்கே ‘சுபம்’ ஆகிவிடவில்லை. கண்காணிப்பு தளர்ந்து மருந்துப் பயன்பாடு மறுபடி கூடியது. 2010-11-ல் ஜாவாவில் புகையான் திரும்பவும் வந்தது.

எதிர்ப்பு ரகம் வந்தால் போதாதா?

இதிலும் ஒரு தமிழ்நாட்டுத் தொடர்பு இருக்கிறது. 1971-ல் புகையானை எதிர்க்கும் முதல் இரண்டு மரபணுக்களை ஆய்வாளர்கள் அடையாளம் கண்டனர். ஒன்று ‘முட்கோ’ ரகத்தில். இன்னொன்று ‘ஏ.எஸ்.டி.7’ ரகத்தில். ஏ.எஸ்.டி. என்றால் அம்பாசமுத்திரம். நெல்லைச் சீமையின் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ரகம் அது.

முதல் மரபணுவைக் கொண்ட ஐ.ஆர்.26 ரகம் 1973-ல் வந்தது. இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே புகையான் அதையும் சாப்பிடப் பழகிவிட்டது. 1976-ல் அடுத்த மரபணுவோடு ஐ.ஆர்.36. அது கொஞ்சம் அதிக காலம் தாக்குப்பிடித்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், பிலிப்பைன்ஸ் புகையானைத் தடுத்து நிறுத்திய ஏ.எஸ்.டி.7, தெற்காசியப் புகையானுக்குப் பெரிய தடையாக இல்லை. ஒரே இனம், ஆனால் ஊருக்கு ஊர் வேறு நாக்கு.

இன்று 30-க்கும் மேற்பட்ட எதிர்ப்பு மரபணுக்கள் தெரியும். கேரளத்தின் பட்டாம்பி ஆராய்ச்சி நிலையத்தின் பி.டி.பி.33, இலங்கையின் ரத்து ஹீனட்டி போன்ற ரகங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட மரபணுக்கள் சேர்ந்து இருப்பதால், அவை பல வகைப் புகையானுக்கும் ஈடுகொடுக்கின்றன. ஒற்றைப் பூட்டைத் திறக்கப் பழகும் பூச்சிக்கு, ஒரே கதவில் மூன்று பூட்டுப் போடும் உத்தி இது. ஆனால் மக்கள் விரும்பிச் சாப்பிடும் பி.பி.டி.5204 போன்ற சன்ன ரகங்கள் புகையானுக்கு எளிதில் இலக்காகின்றன. சந்தையில் எந்த அரிசிக்கு விலை கிடைக்கிறதோ அதைத்தானே விவசாயி நடுவார்?

வயலில் என்ன செய்யலாம்?

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரைகளைக் கவனித்தால், அவற்றில் பல, புகையானின் ‘வீட்டை’க் கலைக்கும் வேலைதான்.

• பட்டம் விடுங்கள்: 8 அடிக்கு 1 அடி இடைவெளி விட்டு நட்டால் வெளிச்சமும் காற்றும் அடித்தூர்வரை இறங்கும். அந்த இடைவெளியில் நடந்து வயலைக் கவனிக்கவும் முடியும்.

• காய்ச்சலும் பாய்ச்சலும்: தண்ணீரை எப்போதும் தேக்கிவைக்காமல், வடித்துவிட்டு மறுபடி பாய்ச்சினால் அடித்தூரில் ஈரம் குறையும்.

• யூரியாவைப் பிரித்துப் போடுங்கள்: ஒரே தடவையில் கொட்டினால் அது பூச்சிக்குப் போடும் தீனி.

• தட்டிப் பாருங்கள்: குத்தைச் சாய்த்துத் தட்டினால் பூச்சிகள் தண்ணீரில் விழும். வயலின் பல இடங்களில் இப்படி எண்ண வேண்டும்.

• இரண்டு பேரையும் எண்ணுங்கள்: சிலந்தி இல்லாத வயலில் ஒரு தூருக்கு 1 புகையான் இருந்தால் நடவடிக்கை தேவை. குத்துக்கு 1 சிலந்தி இருந்தால், தூருக்கு 2 புகையான்வரை பொறுக்கலாம். அதாவது, ஒரு சிலந்தி இருந்தாலே பொறுக்கும் எல்லை இரண்டு மடங்காகிறது.

இந்த எல்லையைத் தாண்டிவிட்டால் மருந்து தேவைதான். அப்போதும் தண்ணீரை வடித்துவிட்டு, அடித்தூரில் படும்படி அடிக்க வேண்டும். புகையானை மறுபடி பெருகவைக்கும் பைரித்ராய்டு வகைகளைத் தவிர்க்க வேண்டும். எந்த மருந்து, எவ்வளவு என்பதை வட்டார வேளாண் அலுவலகத்தில் கேட்டு முடிவு செய்வதே நல்லது.

சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்க்கும் பலரது வாட்ஸ்அப்பில், ஊரில் இருந்து வயல் போட்டோ ஒன்று வரும். கூடவே ஒரு கேள்வி: “தம்பி, இதுக்கு எந்த மருந்து நல்லாருக்கும்னு கூகுள்ல பார்த்துச் சொல்லு.” பதிலுக்கு மருந்தின் பெயரை அனுப்புவதற்கு முன், ஒரு கேள்வியைத் திருப்பி அனுப்பலாம்: “அப்பா, தூர்ல சிலந்தி எத்தனை இருக்கு?”